முதல் சமகால நடனத்தை எங்கே பார்ப்பது? பத்தாங் பெர்சுந்தையிலிருந்து ஒரு கணக்கு

நம் ஊரில் ஆட்டத்துக்குப் பஞ்சம் கிடையாது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கத் தொடங்கினால் சும்மா நிற்கிற கால் எது? தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் போடும் ஆட்டம், சனிக்கிழமை பரதநாட்டிய வகுப்பு, ஆஸ்ட்ரோ நடனப் போட்டிகள் எல்லாம் இருக்கின்றன. இருந்தும் ‘கன்டெம்பரரி’ என்று யாராவது சொன்னால் முக்கால்வாசிப் பேருக்கு நினைவில் வருவது, சோகப் பாட்டுக்குத் தரையில் உருண்டு புரளும் அந்தப் போட்டி நிகழ்ச்சி நடனம்தான். டிக்கெட் வாங்கி, அரங்கத்தில் உட்கார்ந்து சமகால நடனம் பார்த்தவர்கள் பத்தாங் பெர்சுந்தையில் குறைவு. (2007-இலேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். சாலைப் பலகையில் மாறிவிட்டது, நம் வாயில் இன்னும் மாறவில்லை.)

போய்ப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. யுனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், மகளை நாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் கேட்கிறார்கள்: “எதுக்குப் போனா காசு வீணாகாது?” நியாயமான கேள்வி. கோலாலம்பூருக்கு ஒரு தடவை போய் வந்தால் பெட்ரோல், டோல், டிக்கெட், வெளியில் பசியாறுவது என்று கை கடிக்கும். முதல் தடவை ஒன்றுமே பிடிபடாமல் திரும்பி வந்த ஆளை இரண்டாம் தடவை காடியில் ஏற்றுவது லேசில்லை. அதனால் எதை முதலில் பார்க்கிறோம் என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் தேர்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் கேஎல்பேக் என்ற நிகழ்கலை மையத்தின் சின்ன அரங்கம், இரண்டு மூன்று குறுநடனங்களை ஒரே டிக்கெட்டில் தரும் நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. மற்ற வழிகளும் இருக்கின்றன, சிலருக்கு அவை இதைவிடப் பொருந்தும். ஏன் என்று பார்ப்போம்.

புரியுமா என்ற பயம்

இடங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைப் பேசிவிட வேண்டும். மக்களைத் தடுப்பது தூரமும் காசும் மட்டும் இல்லை. “எனக்கு அதெல்லாம் புரியாதே” என்பதுதான் பெரிய தடை.

பரதநாட்டியம் பார்த்த கண் கதை தேடும். கண்ணன் வந்தான், யசோதை திட்டினாள், கோவர்த்தனத்தைத் தூக்கினான் என்று முத்திரைகளைப் படித்துக்கொண்டே போகும். சமகால நடனத்தில் ஓர் ஆள் வந்து ஐந்து நிமிடம் சும்மா நின்றால், அந்தக் கண் ‘இவன் யார், கிருஷ்ணனா, கம்சனா’ என்று தவிக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரதத்திலேயே அலாரிப்பில் என்ன கதை? ஜதிஸ்வரத்தில்? தில்லானாவில் கடைசியில் வரும் இரண்டு வரி சாகித்தியத்தை விட்டால் மீதி முழுக்கக் கணக்கும் கோடும் வேகமும்தான். அரங்கேற்றத்தில் தில்லானாவுக்குத்தானே கைதட்டல் அதிகம்? கதையில்லாத நடனத்தை நாம் காலகாலமாக ரசித்து வருகிறோம். அதே கண்ணைக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த சிக்கல் தாளம். பாட்டு ஒரு பக்கம் போகிறது, ஆட்டம் ஒரு பக்கம் போகிறது என்று எரிச்சல் வரும். இது ஆடுகிறவர்களின் தவறு இல்லை. அமெரிக்காவில் மெர்ஸ் கன்னிங்ஹாம் என்ற நடன அமைப்பாளர், இசையமைப்பாளர் ஜான் கேஜோடு சேர்ந்து, நடனத்தையும் இசையையும் தனித்தனியாகச் செய்து மேடையில்தான் சேர்த்து வைத்தார். ஆடுகிறவர்கள் அன்றைக்குத்தான் அந்த இசையை முதன்முதலாகக் கேட்பதும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான் உறவு. எல்லா சமகால நடனமும் அப்படி இல்லை. தாளத்தோடு இழைந்து போகிறவையும் ஏராளம். ஆனால் தாளம் விலகினால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

நடனக்காரர் திடீரென்று பேசினால்? நாற்காலியைத் தூக்கிப் போட்டால்? ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் பீனா பௌஷ் என்ற நடன அமைப்பாளர் 1973 முதல் 2009-இல் இறக்கும்வரை இதைத்தான் செய்தார். நடனமும் நாடகமும் அன்றாடச் சண்டையும் ஒரே மேடையில் கிடக்கும். ஜப்பானில் 1959-இல் ஹிஜிகாத்தா தொடங்கிவைத்த புத்தோ என்ற நடனத்தில் உடம்பு முழுக்க வெள்ளை பூசி, நத்தை வேகத்தில் நகர்வார்கள். நம்முடைய சென்னையில் நடனக் கலைஞர் சந்திரலேகா 1980-களில் பரதத்திலிருந்து நகைகளையும் புராணத்தையும் கழற்றி வைத்துவிட்டு, களரிப்பயிற்றையும் யோகாசனத்தையும் பக்கத்தில் நிறுத்தினார். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி அப்படியே இருந்தது, ராதையும் கிருஷ்ணனும் காணாமல் போனார்கள். அன்றைக்குச் சென்னையிலேயே பலர் முகம் சுளித்தார்கள் என்றால் பத்தாங் பெர்சுந்தையில் நாம் கொஞ்சம் திகைப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது என்பது என் எண்ணம். பால்மரம் சீவுகிற பாட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: கத்தி சாய்வாக இறங்கும்போது கை மட்டும் போகாது, இடுப்பும் முழங்காலும் மரத்தைச் சுற்றிச் சேர்ந்தே திரும்பும். உயரமான செம்பனையில் குலை வெட்டுகிறவர் நீளக் கம்பை ஏந்தி, கழுத்தை அண்ணாந்து, குலை எந்தப் பக்கம் விழும் என்று கணித்து ஓர் அடி பின்னால் வைப்பார். உழைக்கிற உடம்பின் நுணுக்கம் நமக்குப் பழக்கம். சமகால நடனக் கலைஞர்கள் பலர் எடுத்து ஆராய்வதும் நடப்பது, சுமப்பது, விழுவது, எழுவது போன்ற சாதாரண அசைவுகளைத்தான். பாலே வகுப்புக்குப் போன நகரத்துப் பார்வையாளரைவிட இந்த இடத்தில் நாம் ஒன்றும் குறைவில்லை.

சரி, இடங்களுக்கு வருவோம்.

இஸ்தானா புடாயா: பெரிய பெயர், முதல் தடவைக்கு வேண்டாம்

ஜாலான் துன் ரசாக்கில், வாவ் பட்டம் போல விரிந்த கூரையோடு நிற்கும் இஸ்தானா புடாயா 1999-இல் திறக்கப்பட்டது. பிரதான அரங்கமான பங்கோங் சாரியில் 1,412 பேர் உட்காரலாம். கட்டடத்தைப் பார்ப்பதற்கே ஒரு தடவை போகலாம் என்பது உண்மை. ஆனால் சமகால நடனத்துக்கு அறிமுகம் தேடுகிறவருக்கு அது சரிப்பட்டு வராது. அங்கே அதிகம் நடப்பவை பெரிய இசை நாடகங்கள், இசை நிகழ்ச்சிகள், அரசு சார்ந்த கலை விழாக்கள். சமகால நடனம் எப்போதாவதுதான் வரும். வந்தாலும் நம் பட்ஜெட்டுக்குக் கிடைக்கும் இருக்கை மேலே, பின்னால். இந்த வகை நடனத்தில் மூச்சு வாங்குவதும், தோள்பட்டை நடுங்குவதும், பாதம் தரையில் உரசும் சத்தமும்தான் பாதிச் சுவை. பின்வரிசையில் இருந்து பார்த்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். போதாததற்கு உடை விதி வேறு. டீ சட்டை, சிலிப்பருக்கு அங்கே இடமில்லை. முதல் அனுபவத்தில் நடனத்தைப் பற்றி யோசிக்காமல் நம் காலணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்போம். பிறகு பார்க்கலாம்.

சூத்ரா: அம்மாவை அழைத்துப் போகிறீர்களா?

ரம்லி இப்ராஹிம் 1983-இல் தொடங்கிய சூத்ரா நடனக் குழுவை ஒப்பீட்டில் சேர்க்காமல் விட முடியாது. காஜாங்கில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியல் படித்து, சிட்னி டான்ஸ் கம்பெனியில் சமகால நடனம் ஆடி, அப்புறம் அடையாறு கே. லட்சுமணனிடம் பரதமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்ற மனிதர். 2018-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு சூத்ரா நடனம் கற்றுக் கொடுத்ததும் நம் பக்கத்துக்காரர்கள் அறிந்ததே. ஒரு மலாய்க்காரர் ஒடிசி ஆடுகிறார், அவரிடம் நம் பிள்ளைகள் கற்கிறார்கள். இதைவிட மலேசியத்தனமான காட்சி வேறென்ன வேண்டும்?

தித்திவங்சா ஏரிப் பக்கத்தில் இருக்கும் சூத்ரா இல்லத்தில் திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. பெரிய தயாரிப்புகளை வெளி அரங்கங்களில் போடுவார்கள். புடவை கட்டிப் போனாலும் ஒட்டும், ஜீன்ஸ் போட்டுப் போனாலும் ஒட்டும். சலங்கை உண்டு, முத்திரை உண்டு, இசை நமக்குப் பழக்கமான இசை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரை, குறிப்பாக நடன ரசனை உள்ள அம்மாவையோ அத்தையையோ அழைத்துப் போவதென்றால் இதுதான் பாதுகாப்பான தேர்வு. யாரும் பாதியில் எழுந்து “போலாமா” என்று கேட்கமாட்டார்கள்.

அப்படியானால் ஏன் என் முதல் தேர்வு இது இல்லை? பழக்கமானது என்பதுதான் காரணம். ஒடிசியைப் பார்க்கும்போது நாம் பழைய கண்ணோடுதான் பார்ப்போம். மேடை அமைப்பும் கூட்டசைவும் ஒளியும் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், கோபியரைக் கண்டதும் மனம் கதைக்குள் போய்விடும். நன்றாக இருக்கும், மகிழ்ச்சியாகத் திரும்புவோம். ஆனால் ‘சமகால நடனம் எனக்கு ஒத்து வருமா’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போனால், எங்கே மரபு வளைகிறது, எங்கே வளைய மறுக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். அப்போது சூத்ராவின் சுவை இரண்டு மடங்கு.

1981-இல் தொடங்கி, இப்போது பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலை நிறுவனமும் இதே வகையில்தான் வரும். பிரம்மாண்ட நாட்டிய நாடகங்கள், குடும்பத்தோடு பார்க்க அருமை. நாம் இங்கே தேடுவது வேறு.

கேஎல்பேக்: என் தேர்வு

செந்தூல் என்றாலே நம் ஆட்களுக்கு ரயில்வே. கொட்டகையில் வேலை பார்த்த தாத்தாவோ சின்னத்தாத்தாவோ இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த ரயில்வே காலத்துப் பழைய செங்கல் கட்டடம் ஒன்றைத்தான் கேஎல்பேக் ஆக்கினார்கள். நாடகக்காரர்கள் ஃபரிடா மெரிக்கானும் ஜோ ஹாஷாமும் டத்தாரான் மெர்டேக்காவுக்கு அடியில் நடத்தி வந்த அரங்கத்தை 2003 ஜூன் வெள்ளம் மூழ்கடித்தது. அதற்குப் பிறகு 2005-இல் எழுந்தது இது. சுற்றிலும் செந்தூல் பூங்கா, குளம், பெரிய மரங்கள். மதியம் முன்னதாகப் போய்விட்டால் நேரம் போவதே தெரியாது.

உள்ளே இரண்டு முக்கிய அரங்கங்கள். பெந்தாஸ் 1-இல் ஏறத்தாழ 500 இருக்கைகள். பெந்தாஸ் 2 அதில் பாதிகூட இல்லை. நான் சொல்வது பெந்தாஸ் 2. எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் முகம் தெரியும், வியர்வை தெரியும். உடை விதி என்று யாரும் வாசலில் நின்று பார்ப்பதில்லை. மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் சலுகை விலை உண்டு, ஆகவே அடையாள அட்டையை எடுத்துப் போங்கள்.

இனி, குறுநடனங்கள் சேர்ந்த நிகழ்ச்சியை நான் ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு முழுநீளப் படைப்பு 60 நிமிடமோ 90 நிமிடமோ போகும். இடைவேளை இல்லாமலும் இருக்கலாம். முதல் பத்து நிமிடத்தில் அது உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் மீதி நேரம் தண்டனை. மூன்று பேரின் படைப்புகள் ஆளுக்கு 20 நிமிடம் என்று வந்தால், ஒன்று தலைக்கு மேல் போகும், ஒன்று பரவாயில்லை என்றிருக்கும், ஒன்றாவது நெஞ்சில் எங்கேயோ குத்தும். அந்த ஒன்றை ஆடியவர் யார், அமைத்தவர் யார் என்று நிகழ்ச்சி ஏட்டில் குறித்துக்கொண்டு வந்தால், அடுத்த தடவை யாரைத் தேடிப் போவது என்ற கேள்விக்கு விடை கையிலேயே இருக்கிறது. பிடிக்காத இரண்டும் வீண் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் ‘எனக்கு வேகம் பிடிக்கிறது’, ‘ஒற்றை ஆள் ஆடினால் அலுக்கிறது’ என்று நம் ரசனை நமக்கே தெரிய வரும். இளம் கலைஞர்கள் பலர் சேர்ந்து குறும்படைப்புகள் காட்டும் நிகழ்ச்சிகளை மைடான்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பும் நடத்தி வந்திருக்கிறது. அவர்களின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்ப்பது நல்லது.

கேஎல்பேக்கின் குறை? நாடகம்தான் அங்கே அதிகம். நடனம் மாதம் தவறாமல் இருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் நினைத்த வார இறுதியில் நிகழ்ச்சி இருக்காது, நிகழ்ச்சி இருக்கும் வார இறுதியில் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்துவிடும். பொறுமை வேண்டும்.

குவாங் தோட்டத்தில் ஓர் ஆச்சரியம்

சிலர் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் நம் ஊருக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ரிம்புன் டஹான்தான். லத்தார் நெடுஞ்சாலையில் ஏறினால் குவாங் ஒன்றும் தூரமில்லை, கோலாலம்பூருக்குள் நுழைய வேண்டிய தொல்லையும் இல்லை. கட்டடக் கலைஞர் ஹிஜ்ஜாஸ் கஸ்தூரி குடும்பத்தின் 14 ஏக்கர் வளாகம் அது. தென்கிழக்காசிய மரம் செடிகள், பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய பழைய மலாய் மரவீடு, கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இடம். அவர் மகள் பில்கிஸ் ஹிஜ்ஜாஸ் அங்கே நடனத்துக்குப் பொறுப்பாக இருந்து, தோட்டத்திலேயே நடக்கும் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து வந்திருக்கிறார்.

இதில் மேடை கிடையாது. பார்வையாளர்கள் கூட்டமாக ஒரு மரத்தடியிலிருந்து இன்னொரு இடத்துக்கு நடந்து போவார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறுநடனம். ஒருவர் படிக்கட்டில் ஆடுவார், இன்னொருவர் நீர் ஓரத்தில், மற்றொருவர் வீட்டின் தூண்களுக்கு நடுவில். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்காது. சின்னப் பிள்ளைகள் அசைந்தாலும் கேள்வி கேட்டாலும் பக்கத்தில் இருப்பவர் உச்சுக் கொட்டமாட்டார். தோட்டத்துச் சூழலில் வளர்ந்த நமக்கு ஈரமண்ணும் கொசுவும் புதிதா என்ன?

பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு கேஎல்பேக்கைவிட இதுவே முதலிடம் என்று தயங்காமல் சொல்வேன். தனியாகவோ கூட்டாளிகளோடோ போகிறவர்களுக்கு மட்டும் இரண்டாமிடம். காரணம், அங்கே இடத்தின் அழகு நடனத்தைத் தூக்கிவிடும். பாதி ரசனை மரத்துக்குப் போய்விடும். வெறும் கறுப்புத் தரையும் இரண்டு விளக்கும் வைத்துக்கொண்டு ஓர் உடம்பு நம்மைக் கட்டிப்போடுகிறதா என்பதை அங்கே சோதிக்க முடியாது. மழை வந்தால் திட்டம் மாறும், அடிக்கடியும் நடக்காது. நடந்தால் விடாதீர்கள். தொப்பி, கொசு மருந்து, சேறு பட்டால் கவலைப்படாத காலணி போதும்.

மற்றவை, சுருக்கமாக

அஸ்வாரா என்ற தேசியக் கலைக் கல்விக்கூடத்தில் நடன மாணவர்களின் நிகழ்ச்சிகள் நடக்கும். 1994-இல் தொடங்கிய நிறுவனம். அங்கே மலாய் நடனம், பரதம், சீன நடனம், பாலே, சமகாலம் எல்லாவற்றையும் ஒரே பிள்ளைகள் கற்பதால், ஓர் இரவிலேயே பல உடல்மொழிகளைப் பார்க்கலாம். மாணவர் படைப்பு என்பதால் ஏற்ற இறக்கம் இருக்கும். மகளோ மகனோ நடனத்தை மேற்படிப்பாக எடுக்க யோசிக்கிறார்கள் என்றால் மற்ற எதையும்விட இதுதான் அவசியம். மேடையில் இருப்பவர்கள் நாளைக்கு அவர்களுடைய அக்கா அண்ணன்களாக இருக்கப் போகிறவர்கள்.

டமன்சாரா பெர்டானாவில் 2013-இல் வந்த டிபேக், சமகால நடனத்துக்கு நிறைய இடம் கொடுத்த சின்ன அரங்கம். காடியில் வருகிறவர்களுக்கு நம் பக்கத்திலிருந்து கேஎல்பேக்கைவிடச் சுலபமாகக்கூட இருக்கலாம். நாட்டின் சமகால நடனத்தை வளர்த்ததில் சீன நடனக்காரர்களின் பங்கு பெரிது. 1998-இல் தொடங்கிய டுவா ஸ்பேஸ் போன்ற குழுக்களைப் பார்த்தால் தெரியும். “அது சீனவங்க நிகழ்ச்சி” என்று நாம் ஒதுங்கிப் போய்விடுகிறோம். நடனத்தில் மொழி தெரியாதது ஒரு குறையே இல்லை. கேஎல்பேக்கில் பொருத்தமான நிகழ்ச்சி இல்லாத மாதத்தில் டிபேக்கின் பட்டியலைத் திறந்து பாருங்கள், அதே அளவுகோல்தான்.

ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக்குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. 1984-இல் தொடங்கியவர்களில் நாடக இயக்குநர் கிருஷன் ஜித்தும், நடனக் கலைஞர் மேரியன் டி’குரூஸும், கெடா பீடோங்கில் பிறந்த எழுத்தாளர் கே.எஸ். மணியமும் உண்டு. நடனம் படிக்காத சாதாரண ஆட்களையும் மேடையேற்றியவர் மேரியன். அவர்களுடைய படைப்புகளில் பேச்சும் அரசியலும் ஆவணமும் கலந்து வரும். ஆங்கிலமும் மலாயும் சரளமாக ஓடும். சூடான விவாதம் பிடிக்கும் ஆளுக்கு அருமை. நடனத்தை மட்டும் பார்க்க வந்தவர் கொஞ்சம் குழம்புவார். மூன்றாம் தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் பார்த்தால் போதாதா? இலவசம், பாதியில் நிறுத்தலாம், உலகத்தின் ஆகச்சிறந்த குழுக்கள் எல்லாம் கிடைக்கும். முன்தயாரிப்பாக ஒன்றிரண்டு துண்டுகள் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேமரா எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பார்க்கிறோம். அரங்கத்தில் ஐந்து பேர் ஆடும்போது யாரைப் பார்ப்பது என்பது நம் விருப்பம். மூலையில் அசையாமல் நிற்கிற ஆறாவது ஆளையே முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சுதந்திரத்தைத் திரை பிடுங்கிவிடுகிறது. அமைதியான காட்சி வந்தால் நம் கட்டைவிரலும் சும்மா இருக்காது.

திரும்பி வருவது எப்படி?

இரவுக் காட்சிகள் பெரும்பாலும் எட்டரை மணிக்குத் தொடங்கும். முடிந்து, கலைஞர்களோடு கேள்வி பதில் என்று உட்கார்ந்தால் மணி பத்தரை தாண்டும். அதற்கு மேல் பத்தாங் பெர்சுந்தைக்கு பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள். மோட்டாரில் இருட்டுத் தோட்டச் சாலையில் வருவதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மதியக் காட்சி என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவே பெரிய காரணம். வார இறுதிகளில் மூன்று மணிக் காட்சி வைக்கிறார்கள். ஐந்து மணிக்கெல்லாம் வெளியே வந்து, செந்தூலில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பாதி வழி வந்துவிடலாம். இரவு டிக்கெட்டும் மதிய டிக்கெட்டும் ஒரே விலையாக இருந்தாலும் மதியம்தான் லாபம். ஏனென்றால் இரவுக்குப் போனால் ஓட்டுகிறவர் இரண்டாம் பாதியில் நடனத்தையா பார்ப்பார்? கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

காடியை நேராக கோலாலம்பூருக்கு ஓட்டலாம். அல்லது சுங்கை பூலோ நிலையத்தில் நிறுத்திவிட்டு எம்ஆர்டி ஏறலாம். 2023 மார்ச்சிலிருந்து புத்ராஜெயா தடம் முழுதாக ஓடுகிறது. சுங்கை பூலோவில் ஏறினால் வண்டி மாறாமல் செந்தூல் பாராட்டில் இறங்கலாம். அங்கிருந்து கேஎல்பேக்குக்கு கிராப் பிடித்தால் சில நிமிடம். அடுத்த நிலையம் தித்திவங்சா, சூத்ராவுக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி கிராப் எடுக்கலாம். அதற்கடுத்த கோலாலம்பூர் மருத்துவமனை நிலையம் இஸ்தானா புடாயாவுக்கு வசதி. ஒரே தடத்தில் மூன்றும் இருப்பது நம் பக்கத்து ஆட்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ரிம்புன் டஹானுக்கு மட்டும் காடி இல்லாமல் முடியாது. நாலு பேர் சேர்ந்து ஒரே காடியில் போனால் எல்லாவற்றிலும் செலவு இறங்கும்.

தாமதம் மட்டும் கூடாது. கல்யாண மண்டபத்துக்கு வருகிற மாதிரி வந்தால் கதவை அடைத்துவிடுவார்கள். சில நிகழ்ச்சிகளில் இடையில் ஓர் இடைவெளி வரும்வரை வெளியில் நிற்க வேண்டும், சிலவற்றில் உள்ளே விடவே மாட்டார்கள். படம் பிடிக்கக்கூடாது, கைப்பேசியின் வெளிச்சம்கூட ஆடுகிறவர் கண்ணில் படும். ஏர்கோன் குளிர் எலும்பைத் தொடும், ஒரு சுவெட்டர் போதும். எப்போது கைதட்டுவது என்று கவலைப்பட வேண்டாம். விளக்கு அணைந்து, மறுபடி எரிந்து, ஆடியவர்கள் வரிசையாக வந்து வணங்கும்போது தட்டினால் போதும்.

டிக்கெட் எடுக்கும் முன்

அறிவிப்பைப் பார்த்ததும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை நிமிடம், இடைவேளை உண்டா, எத்தனை படைப்புகள், எந்த வயதுக்கு மேல் அனுமதி என்பதைப் பாருங்கள். வயது வரம்பு போட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே அரங்கத்தைக் கேட்டுவிடுவது நல்லது. இருக்கை தேர்வு செய்ய முடிந்தால், முதல் தடவை முன்வரிசை வேண்டாம். அங்கே பாதங்கள் தெரியும், ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற அமைப்பு தெரியாது. சின்ன அரங்கத்தில் நான்காவது ஐந்தாவது வரிசை நடுவில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு கலைஞர்களோடு பேச்சு இருக்கும் காட்சியாகப் பார்த்து எடுத்தால் இன்னும் நல்லது. “அந்த இடத்தில் ஏன் விழுந்துகொண்டே இருந்தீர்கள்?” என்று தைரியமாகக் கேட்கலாம், மலாயில் கேட்டாலும் பதில் சொல்வார்கள்.

ஒருவேளை நீங்கள் போகக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில் கேஎல்பேக்கில் முழுநீள நடனம்தான் இருக்கிறது, அதே மாதத்தில் குவாங்கில் தோட்ட நிகழ்ச்சியும் இருக்கிறது என்றால், தனியாகப் போகிறவராக இருந்தாலும் குவாங்குக்கே போங்கள். குறுநடனங்கள் என்பது எனக்கு அரங்கத்தைவிட முக்கியம். இரண்டும் இல்லை, சூத்ரா மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கே டிக்கெட் எடுத்து அம்மாவையும் கூட்டிப் போங்கள், சமகால நடனத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.